ஓநீலின் சிநேகிதர்கள்



ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்களை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். இதைப் பொதுவாகப் பேசினால் ஏக்கம், வேர், மண்வாசனை என்ற மூன்று சொற்களைச் சுற்றிச் சுற்றி வந்தே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடலாம். நீங்களும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அந்த மூன்று சொற்கள்மேலும் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆகவே ஒரே ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் தமிழர் இல்லை, அயர்லாந்துக்காரர். மேடைக் கலைஞரும் இல்லை. 1901 முதல் 1905 வரை சிகாகோ மாநகரத்தின் போலீஸ் தலைவராக இருந்தவர். பெயர் பிரான்சிஸ் ஓநீல்.

சிகாகோ அப்போது அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம். அடிதடிக்கும் கட்சி அரசியலுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் பேர்போன ஊர். அதன் போலீஸ் தலைவர் என்றால் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பார் என்று நீங்கள் ஒரு படம் வரைந்துகொள்வீர்கள். அந்தப் படத்தை ஓரமாக வையுங்கள். இன்று அயர்லாந்தில் ஃபிடில் வாசிக்கிறவர் யாரைக் கேட்டாலும் ஓநீல் என்ற பெயர் தெரியும். அவர் போலீஸ்காரர் என்பது பாதிப் பேருக்கு நினைவுக்கு வராது. அந்த நாட்டின் நாட்டார் இசையில் அவர் கைபட்டு நிலைத்த மெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை அவர் தனியாகச் சேர்க்கவில்லை. சிநேகிதர்களிடமிருந்து சேர்த்தார். இன்று நான் பேசப்போவது அந்தச் சிநேகிதர்களைப் பற்றியும்தான்.

ஓநீல் 1848 ஆகஸ்டில் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கார்க் மாவட்டத்தில், பான்ட்ரி ஊருக்குப் பக்கத்தில் டிராலிபேன் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அயர்லாந்தையே புரட்டிப்போட்ட பஞ்சம் நடந்துகொண்டிருந்த காலம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். மேற்குக் கார்க் பகுதி அதிகம் அடிபட்ட இடங்களில் ஒன்று. ஓநீல் குடும்பம் ஓரளவு வசதியான விவசாயக் குடும்பம், பிழைத்துக்கொண்டது. வீட்டில் பாட்டு இருந்தது. அம்மா பாடுவார். பக்கத்துப் பண்ணையில் இருந்த டிமதி டௌனிங் என்பவர் பையனுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தார். நாற்சந்தியில் ஆட்டம் நடக்கும், பைப்காரர் வாசிப்பார், ஊர் கூடும். இவையெல்லாம் பையனின் காதில் விழுந்தன. ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை.

பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிக் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்தார். உலகத்தைச் சுற்றினார். இந்தக் கட்டத்தில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மின்னஹாஹா என்ற கப்பலில் பசிபிக் கடலின் நடுவே பேக்கர் தீவுக்குப் போகிறார்கள். பறவை எச்சம் உரமாக விலைபோன காலம். அதை ஏற்றிவரத்தான் பயணம். கப்பல் பாறையில் மோதி உடைகிறது. மாலுமிகள் அந்த வெறும் தீவில் கிடக்கிறார்கள். பிறகு ஸோயி என்ற சிறு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுவுக்குக் கிளம்புகிறது. ஒரு மாதத்துக்கு மேல் பயணம், சாப்பாடு அரைவயிற்றுக்கும் காணாது. அந்தக் கப்பலில் வேலைசெய்த ஹவாய்க்காரர் ஒருவரிடம் புல்லாங்குழல் இருந்தது. ஓநீல் அதை வாங்கி வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த மனிதர் தன் பங்குச் சாப்பாட்டை ஓநீலோடு பகிர்ந்துகொண்டார். கரைசேர்ந்தபோது மற்றவர்கள் பலர் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். திடமாக இருந்தவர்களில் நானும் ஒருவன் என்று ஓநீலே பின்னால் எழுதினார். வாசிப்புக்குக் கிடைத்த கூலி என்றால் இதுதான் அவருக்குக் கிடைத்த முதலும் பெரியதுமான கூலி.

அதன்பின் கலிஃபோர்னியாவில் ஆடு மேய்த்தார். மிசௌரியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பாடம் நடத்தினார். அமெரிக்காவுக்கு வந்த கப்பலில் பழக்கமான அன்னா ராஜர்ஸ் என்ற கிளேர் மாவட்டத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1873-இல் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு திருடன் சுட்ட குண்டு முதுகெலும்புக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. அதை எடுக்க முடியவில்லை. சாகும்வரை அது உடம்பிலேயே இருந்தது.

இனிதான் விஷயம் ஆரம்பிக்கிறது.

சிகாகோ 1871-இல் எரிந்து, மறுபடி கட்டப்பட்டுக்கொண்டிருந்த நகரம். ரயில்பாதை, இறைச்சிக் கூடங்கள், தொழிற்சாலைகள் என்று வேலை இருந்தது. அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை என்பதுதான் முக்கியம். அயர்லாந்தில் ஒரு மாவட்டத்து வாசிப்பு அடுத்த மாவட்டத்துக்குத் தெரியாது. கார்க்கில் பிறந்த பையன் மேயோ மாவட்டத்து ஃபிடில்காரரை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்காமல் செத்துப்போவான். நடந்து போகிற தூரம்தான் இசையின் எல்லை. சிகாகோவில் மேயோவும் லீட்ரிமும் கெர்ரியும் டிப்பரரியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தன. டிராம் ஏறினால் போய்ச் சேரலாம். ஊரில் இருந்திருந்தால் ஓநீல் தன் ஊரை மட்டும் அறிந்திருப்பார். ஊரை விட்டு வந்ததால்தான் அவருக்கு நாடு முழுவதும் கேட்கக் கிடைத்தது. வெளியூர் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது இழந்ததை மட்டுமே கணக்கெடுக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே வரவுப் பக்கமும் இருக்கிறது.

அந்தச் சிநேகிதர்கள் யார் யார்? ஜேம்ஸ் எர்லி லீட்ரிம் மாவட்டத்துக்காரர், போலீஸ் சார்ஜென்ட், பைப் வாசிப்பவர். அவரோடு எப்போதும் சேர்ந்து வாசிப்பவர் மேயோவைச் சேர்ந்த ஜான் மக்ஃபேடன், ஃபிடில். எட்வர்ட் க்ரோனின் டிப்பரரியிலிருந்து வந்தவர். நெசவாளியாக இருந்து, அமெரிக்காவில் தொழிற்சாலைத் தொழிலாளியானவர், அவரும் ஃபிடில். பார்னி டெலேனி என்பவர் டல்லமோர் ஊர்க்காரர், பைப்பில் பெரிய கை. ஓநீலின் மைத்துனியைக் கட்டி உறவுக்காரரும் ஆனார். ஜான் என்னிஸ் கில்டேரைச் சேர்ந்த பைப்காரர், அவரும் போலீஸ். பாதிரியார் ஜேம்ஸ் ஃபீல்டிங் புல்லாங்குழல் வாசிப்பார்.

பைப் என்றதும் ஸ்காட்லாந்துப் படை வீரர்கள் நின்றுகொண்டு ஊதுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு. இல்லன் பைப் என்பார்கள். உட்கார்ந்து வாசிக்க வேண்டும். வாயால் ஊதுவதில்லை, ஒரு கையின் கீழே கட்டிய சிறு துருத்தியை முழங்கையால் அழுத்திக் காற்றை ஏற்றி, மறுகையின் கீழிருக்கும் பையிலிருந்து குழலுக்குக் காற்றை விடுவார்கள். விரல்கள் மெட்டை வாசிக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதுபோல மூன்று குழல்கள் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னும் சில குழல்களின் சாவிகளை மணிக்கட்டால் தட்டித் துணைச் சுரங்கள் சேர்ப்பார்கள். மென்மையான குரலுடைய, அறைக்குள் கேட்க வேண்டிய கருவி. கற்றுக்கொள்ளப் பல வருஷம் பிடிக்கும். பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்தில் இதை வாசிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிகாகோவில் ஓநீலைச் சுற்றிச் சிலர் இருந்தார்கள்.

இருந்தார்கள் என்று சொல்லிவிட்டால் போதாது. அவர்களை இருக்கவைத்தார். ஓநீலுக்குப் போலீஸில் செல்வாக்கு ஏற ஏற, நல்ல வாசிப்புக்காரர்களுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. டெலேனி அப்படித்தான் சீருடை போட்டுக்கொண்டார். ஒருவர் ஃபிடிலில் ரீல் என்ற ஆட்ட மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினால் மறுநாள் தொப்பியும் தடியும் கிடைக்கும் என்று நகரத்தில் கேலி செய்தார்களாம். இது முறையா? இன்றைய கணக்கில் முறையில்லைதான். அந்தக் காலச் சிகாகோவில் போலீஸ் வேலை பெரும்பாலும் கட்சிக்காரர்களின் சிபாரிசில் நடந்தது. வார்டு தலைவர் தன் ஆளைப் போட்டார்; ஓநீல் தன் பைப்காரரைப் போட்டார். நான் இதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். பாட்டுக்காரனை மாலை போட்டுக் கொண்டாடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாதச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் கிடைக்க வழிசெய்தவர்கள் குறைவு. அயர்லாந்தில் அதே காலத்தில் வயதான பைப்காரர்கள் ஏழைகள் விடுதியில் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர் மோசமான போலீஸ்காரரும் இல்லை. 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டபோது, அராஜகவாதியான எம்மா கோல்ட்மனைச் சிகாகோவில் பிடித்து அடைத்தார்கள். பத்திரிகைகள் அவர் ரத்தத்தைக் கேட்டன. ஓநீல் நேரில் பேசி, இந்தப் பெண்ணுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நம்பி, மரியாதையாக நடத்தும்படி செய்தார். கோல்ட்மன் தன் சுயசரிதையில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். போலீஸாரைப் பற்றி அந்த அம்மையார் நல்லதாக எழுதிய இடங்கள் அதிகமில்லை. 1903 டிசம்பர் 30 அன்று இரோக்குவா நாடக அரங்கு தீப்பிடித்து அறுநூறு பேருக்கு மேல் இறந்ததும் ஓநீலின் காலத்தில்தான். இத்தனைக்கும் நடுவில் மாலை வேளைகளில் அவர் மெட்டுகள் தேடிக்கொண்டிருந்தார்.

எப்படித் தேடினார் என்பதைச் சொல்ல வேண்டும். ஓநீலுக்குப் புல்லாங்குழல் வரும், ஃபிடிலும் பைப்பும் கொஞ்சம் வரும், நினைவாற்றல் அபாரம். ஆனால் சுரத்தைக் காகிதத்தில் எழுத வராது. எழுதத் தெரிந்த ஒருவர் கிடைத்தார். அவர் பெயரும் ஓநீல், ஜேம்ஸ் ஓநீல், உறவில்லை. வடக்கே டவுன் மாவட்டத்திலிருந்து வந்த ஃபிடில்காரர். அவரும் பின்னால் போலீஸில் சார்ஜென்ட் ஆனார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலில், அம்மா பாடிக் கேட்ட மெட்டுகளைப் பிரான்சிஸ் முணுமுணுப்பார் அல்லது குழலில் ஊதுவார்; ஜேம்ஸ் எழுதி, ஃபிடிலில் திருப்பி வாசித்துக் காட்டுவார்; இவர் திருத்துவார். அச்சில் போடும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. மறந்துவிடக் கூடாதே என்ற கவலைதான். பிறகு சிநேகிதர்களின் மெட்டுகளும் சேர்ந்தன. நோட்டுகள் பெருத்தன.

சிநேகிதர்களிடமிருந்து மெட்டு வாங்குவது சுலபமில்லை. சிலர் கேட்டவுடன் கொடுத்தார்கள். சிலர் தங்களிடம் இருக்கும் அபூர்வமான உருப்படியைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் நாளை எல்லோரும் வாசிப்பார்களே. இதை நாம் புரிந்துகொள்ளலாம், அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். ஓநீல் பொறுமையாகக் காத்திருந்து, இரண்டு முறை மூன்று முறை கேட்டு, மனதில் ஏற்றிக்கொண்டு, அடுத்த நாள் ஜேம்ஸிடம் போய்ப் பாடிக்காட்டிய கதைகளும் உண்டு. திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழு நேர்மை என்றும் சொல்ல முடியவில்லை.

எழுதிய மெட்டுகள் சரியா என்று பார்க்கச் சிநேகிதர்களையே கூட்டி உட்காரவைத்தார். ஒருவர், எங்கள் ஊரில் இரண்டாம் பாகம் இப்படி வராது என்பார். இன்னொருவர், உங்கள் ஊருக்கு அது தெரியாது என்பார். மேயோவும் டிப்பரரியும் மேசையைத் தட்டிச் சண்டைபோடும். கடைசியில் தீர்ப்பு இரண்டு ஓநீல்களின் கையில் வந்து நின்றது. 1903-இல் சிகாகோவில் புத்தகம் வெளிவந்தது. 1,850 உருப்படிகள். அதில் 625 பாட்டு மெட்டுகள், ஆட்ட மெட்டுகளில் 415 இரட்டை ஜிக், 380 ரீல், 225 ஹார்ன்பைப், பதினெட்டாம் நூற்றாண்டின் பார்வையற்ற யாழ்க் கலைஞர் கரோலனின் ஆக்கங்கள் மட்டும் 75. அதுவரை ஐரிஷ் இசைக்கு வந்த அச்சுத் தொகுப்புகளில் இவ்வளவு பெரியது இல்லை. பெல்ஃபாஸ்டில் தேவாலய ஆர்கன் வாசித்த பண்டிங், ஓவியரும் தொல்பொருள் ஆய்வாளருமான பெட்ரி என்று அதற்கு முன் தொகுத்தவர்கள் படித்த மேல்தட்டுக்காரர்கள். இசைக்காரர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஓநீல் அந்த இசைக்காரர்களில் ஒருவர். அவர்களோடு உட்கார்ந்து வாசித்தவர், அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போனவர்.

அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பல மெட்டுகளின் தலைப்புக்கு அருகில் சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். மக்ஃபேடன். டெலேனி. எர்லி. க்ரோனின். யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயர். நாட்டார் பாட்டு என்றால் ஆசிரியர் பெயர் தெரியாதது, மக்களுடையது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லும்போது நம்மையறியாமல் ஒரு காரியம் செய்துவிடுகிறோம்: வாசித்தவனையும் பெயர் இல்லாதவனாக்கிவிடுகிறோம். மெட்டைப் போட்டவர் யாரென்று தெரியாவிட்டாலும், நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர் யாரென்று தெரியுமல்லவா? ஓநீல் அதை அச்சில் போட்டார். கொண்டாட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். ரீல்களில் ஒன்றுக்குச் சார்ஜென்ட் எர்லியின் கனவு என்று பெயர். 1984-இல் பிரிட்டனில் ராம்பர்ட் குழுவுக்காக கிறிஸ்டபர் புரூஸ் அமைத்த நடன நாடகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். லீட்ரிமிலிருந்து வந்து சிகாகோ தெருவில் ரோந்து போன ஒரு போலீஸ்காரரின் பெயர் பிரிட்டன் மேடையில்.

1907-இல் ஆட்ட மெட்டுகளை மட்டும் பிரித்து 1,001 உருப்படிகளாக இன்னொரு தொகுப்பு வந்தது. அயர்லாந்து வாசிப்புக்காரர்கள் அதை வெறுமனே 'புத்தகம்' என்று சொல்வார்கள். எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்பதில்லை.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. காகிதத்தில் வந்தது மெட்டின் நேர்க்கோடு மட்டும். விரல் உருட்டல், இழைப்பு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு மாற்றம், இவையெல்லாம் அதில் இல்லை. மக்ஃபேடன் வில்லைப் பிடித்த விதமே எந்த இலக்கணத்துக்கும் அடங்காது, ஆனாலும் அந்தத் துடிப்பு வேறு யாருக்கும் வராது என்று ஓநீலே எழுதுகிறார். அந்தத் துடிப்பு புத்தகத்தில் கிடையாது. அதோடு, ஒரே மெட்டு பத்து ஊரில் பத்து விதமாக இருந்தது. புத்தகம் வந்தபின் ஒரு விதம் சரியானதாகவும் ஒன்பது தவறானதாகவும் ஆகிவிட்டது. ஓநீலுக்கு அந்த நோக்கம் இல்லை. அச்சுக்கு அந்தக் குணம் உண்டு.

சிநேகிதம் எவ்வளவு நாள் தாங்கியது? இந்தக் கேள்வியைக் கொண்டாட்ட உரைகளில் யாரும் கேட்பதில்லை. சிகாகோவில் 1901-இல் ஐரிஷ் இசைக் கழகம் ஒன்று அமைந்தது. அதன் குழுப் படம் இருக்கிறது: கோட்டும் மீசையுமாக, மடியில் கருவிகளோடு. பார்த்தால் ஒரே குடும்பம் என்று தோன்றும். பத்து வருஷம்கூட நிலைக்கவில்லை. யார் பெரியவர், யாரை முதலில் வாசிக்கச் சொன்னார்கள், யாரைப் புகழ்ந்தார்கள், இந்த வழக்கமான காரணங்கள்தான். ஓநீல் கசந்துபோய் விலகினார். வெளியூரில் இருக்கும் எந்தச் சங்கத்தின் வரலாற்றையும் அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. பிள்ளைகள் பலரை இளவயதிலேயே பறிகொடுத்தவர் அவர். எஞ்சியிருந்த மகன் ராஜர்ஸ் 1904-இல் மூளைக்காய்ச்சலில் பதினெட்டு வயதில் இறந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டு கேட்கவில்லை என்கிறார்கள். அன்னா விரும்பவில்லை. அயர்லாந்து இசைக்கு உலகிலேயே பெரிய தொகுப்பைக் கொடுத்த மனிதர், தன் வீட்டுக் கூடத்தில் சிநேகிதர்களைக் கூட்டி வாசிக்க முடியாதவரானார். 1907 தொகுப்பும் அதற்குப் பின்வந்த நூல்களும் இந்த நிலையில் செய்த வேலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1905-இல் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டு அயர்லாந்துக்குப் போனார், டிராலிபேனுக்கும் போனார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. நாற்சந்தி ஆட்டத்தைப் பாதிரிமார்கள் எதிர்த்துவந்தார்கள். பழைய வாசிப்புக்காரர்கள் செத்துவிட்டார்கள் அல்லது கப்பலேறிவிட்டார்கள். ஊரில் இல்லாதது சிகாகோவில் இருக்கிறது என்ற நினைப்போடு திரும்பினார். இது அவருடைய தற்பெருமையும்கூட. கிளேர் மாவட்டத்திலும் ஸ்லைகோவிலும் அப்போதும் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் பயணத்தில் வந்துபோகிறவர் கண்ணில் அதெல்லாம் படாது. ஊருக்குப் போய் வந்த ஒவ்வொருவரும், அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் போச்சு என்று சொல்வதை நான் இந்தக் காரணத்தால்தான் பாதி தள்ளிவைத்துக் கேட்கிறேன்.

அவர் எழுதியவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது மெட்டுத் தொகுப்புகள் இல்லை. 1913-இல் வந்த 'ஐரிஷ் பாணர்களும் இசைக்காரர்களும்' என்ற பெரிய நூல். பழங்கால யாழ்க் கலைஞர்களிலிருந்து தொடங்கி, அவரோடு வாழ்ந்த சிநேகிதர்கள் வரைக்கும் வாழ்க்கைக் குறிப்புகள், படங்கள். எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எப்படிப் பிழைத்தார், குணம் எப்படி. ஓநீல் முகஸ்துதி செய்யத் தெரியாதவர். ஒருவரின் வாசிப்பை வானளாவப் புகழ்ந்த அடுத்த வரியில் அவருடைய கஞ்சத்தனத்தையோ குடியையோ சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் புகழ்ச்சியை நம்ப முடிகிறது. அரச சபையில் பாடாத, பட்டம் வாங்காத, கூலிவேலை செய்து பிழைத்த மனிதர்களுக்கு இப்படி ஒரு நூல் அன்று வேறு எத்தனை மொழிகளில் இருந்தது?

அந்த நூலில் வருகிறவர்களில் பாட்ஸி டூஹியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1865-இல் கால்வே மாவட்டத்தில் லாக்ரே ஊருக்கருகே பிறந்தவர். சின்னப் பிள்ளையாகவே பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். பைப் கற்றது முழுவதும் அமெரிக்காவில். அதாவது, அந்தத் தலைமுறையின் தலைசிறந்த ஐரிஷ் பைப்காரர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டவர் ஊரையே நினைவில் வைத்திருக்க முடியாதவர். பிழைப்பு வோட்வில் மேடையில். அங்கே பாட்டு, ஆட்டம், வித்தை, கோமாளிக்கூத்து எல்லாம் அடுத்தடுத்து வரும். டூஹி தன் மனைவி மேரியோடும் இன்னொரு நடிகரோடும் சேர்ந்து ஐரிஷ்காரர்களைக் கேலி செய்யும் நாடகம் போடுவார். விழுந்து புரண்டு சிரிக்கவைப்பார். கடைசியில் உட்கார்ந்து பைப் வாசிப்பார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் ஐரிஷ் கிராமத்திலும் வாசித்தார். சிகாகோவுக்கு வரும்போதெல்லாம் மேடை முடிந்தபின் ஓநீலும் மற்றவர்களும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். மேடையில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு வாசித்தது ஒன்று. இந்த அறையில், ஒவ்வொரு சுரத்தையும் எடைபோடத் தெரிந்த பத்துப் பேருக்கு வாசித்தது வேறொன்று. இசைக்காரனுக்குச் சிநேகிதன் தருகிற பெரிய பரிசு இந்தக் கேட்கும் காதுதான் என்று ஓநீல் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அவர் அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை.

டூஹி வியாபாரமும் செய்தார். எடிசனின் மெழுகு உருளைகளில் தானே வாசித்துப் பதிந்து தபாலில் விற்றார். ஓர் உருளை ஒரு டாலர். ஒரு டஜன் பத்து டாலர். நகலெடுக்க வழியில்லாத காலம். ஒவ்வொரு உருளைக்கும் தனித்தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஓநீலும் உருளைக் கருவி வாங்கிச் சிநேகிதர்களைப் பதிந்தார். சில உருளைகளை அயர்லாந்தில் இருந்த ரிச்சர்ட் ஹெனபரி என்ற பாதிரியாருக்கு அனுப்பிவைத்தார். ஹெனபரி பெரிய படிப்பாளி, கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். உருளைகளைக் கேட்டுவிட்டு மெய்மறந்து எழுதினார். யோசித்துப் பாருங்கள்: அயர்லாந்தில் உட்கார்ந்திருக்கும் ஐரிஷ் அறிஞர் தன் நாட்டு இசையின் உச்சத்தைச் சிகாகோவிலிருந்து தபாலில் வரவழைத்துக் கேட்கிறார்.

இந்த எதிர்த்திசை ஓட்டம் அங்கே நிற்கவில்லை. ஸ்லைகோ மாவட்டத்தின் கில்லவில் பகுதியில் பிறந்து 1914-இல் அமெரிக்கா வந்த மைக்கேல் கோல்மன் என்ற ஃபிடில்காரர் 1920-களில் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் கொடுத்தார். அங்கிருந்த உறவுக்காரர்கள் அவற்றை ஊருக்கு அனுப்பினார்கள். கிராமபோனைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட கெர்ரிப் பையன்களும் கால்வேப் பையன்களும் ஸ்லைகோ பாணியில் வாசிக்க ஆரம்பித்தார்கள். சில ஊர்களில் உள்ளூர்ப் பாணி தேய்ந்தது என்று இன்றுவரை வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கோல்மனைக் கேட்ட பிறகு, அந்தப் பையன்கள்மேல் குற்றம் சொல்லவும் எனக்கு முடியவில்லை.

ஓநீல் கடைசிவரை ஓயவில்லை. செலினா ஓநீல் என்ற இளம் வயலின் கலைஞரை ஊக்குவித்து, பியானோவுக்கும் வயலினுக்குமான தொகுப்பை அவரைக் கொண்டு விரிவாக்கினார். இவரும் உறவில்லாத ஓநீல்தான், சிகாகோவில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆண்களின் பெயர்களாகவே நிறைந்த இந்தக் கதையில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் மனத்தாங்கல். 1922-இல் கடைசி மெட்டுத் தொகுப்பு வந்தது. அதற்குள் எர்லியும் மக்ஃபேடனும் போய்விட்டார்கள். டூஹி 1923-இல் போனார். சேர்த்துவைத்த நூலகத்தை 1931-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, 1936 ஜனவரியில் ஓநீல் இறந்தார். கடைசி ஆண்டுகளின் கடிதங்களில் ஒரே புலம்பல்: சிகாகோவில் கேட்கத் தகுந்த பைப்காரர் ஒருவரும் இல்லை, பணக்கார ஐரிஷ்காரர்கள் பச்சைத் துணி கட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள், பைப்காரனுக்கு ஒரு வேளைச் சோறு போட மாட்டார்கள். கோபக்காரக் கிழவர். ஆனால் அந்தக் கோபத்துக்கு அவர் கையில் ரசீது இருந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். அந்த மெழுகு உருளைகள் அழிந்துபோயின என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மில்வாக்கியில், ஓநீலின் சிநேகிதரும் தீயணைப்பு அதிகாரியுமான மைக்கேல் டன் என்பவரின் குடும்பத்தாரிடம் ஒரு கட்டு உருளைகள் இருந்தது தெரியவந்தது. அங்குள்ள வார்ட் ஐரிஷ் இசை ஆவணக்காப்பகம் அவற்றைச் சுத்தம் செய்து வெளியிட்டிருக்கிறது. கேட்கும்போது முதலில் மெழுகின் இரைச்சல்தான் பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டூஹியை முதலில் போடாதீர்கள். அவரைக் கேட்டுவிட்டால் மற்றவர்கள் எடுபட மாட்டார்கள். எர்லியும் மக்ஃபேடனும் சேர்ந்து வாசிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மக்ஃபேடன் வில்லை எப்படிப் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். ஃபிடில் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், கேட்டபின் எனக்கும் சொல்லுங்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.